நீதித் தொடரின் இடமும் குரலும்: குழந்தைக் கதைப் பெயர்ப்புகள் பற்றிய ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

குழந்தைகளுக்கென வெளிவரும் பஞ்சதந்திரக் கதை நூல் எதனை எடுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு கதையின் இறுதியிலும் 'நீதி' என்னும் தலைப்பின்கீழ் ஒரு தொடர் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். ஜாதகக் கதைகள், ஈசாப்புக் கதைகள், பல்வேறு மாநிலங்களின் நாட்டார் கதைகள் ஆகியவற்றின் பெயர்ப்புகளிலும் இவ்வமைப்பே பின்பற்றப்படுகின்றது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவான கதைகள் அனைத்தும் ஒரே வகையான முடிவைப் பெற்றுவிடுகின்றன. இம்முடிவு கதையின் இயல்பான உறுப்பு என்றே ஆசிரியர்களும் பெற்றோரும் கருதுகின்றனர். மொழிபெயர்ப்பாளர்களும் பெரும்பாலும் அவ்வாறே கருதுகின்றனர்.

இக்கட்டுரையின் கருத்து வேறு. கதையின் இறுதியில் தனித்து நிற்கும் நீதித் தொடர் மூலத்தின் உறுப்பன்று. பெயர்ப்பின்போது நிகழும் ஒரு மாற்றத்தின் விளைவு. அம்மாற்றம் இடமாற்றம் மட்டுமன்று. ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்திடம் ஒரு தேவை கருதி முன்வைத்த வாதம், பேசுவோர் இல்லாத கட்டளையாக மாறிவிடுகின்றது. இதனை மொழியியல் நோக்கில் விளக்குவதும், பெயர்ப்பாளர் செய்யத்தக்கது யாது எனச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இவ்வாய்வுக்கு இன்று ஒரு நடைமுறைத் தேவையும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பஞ்சதந்திரம், ஜாதகம், இதோபதேசம் முதலியவற்றின் மூலக் கதைகளை மாணவர்கள் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்துள்ளது. 'மூலக் கதை' என்பது எது என்னும் வினாவுக்கு விடை காணாமல் பெயர்ப்பு வேலையைத் தொடங்க இயலாது.

1. நீதித் தொடரின் இடம்

1.1 கிரேக்க, இலத்தீன் விலங்குக் கதைகளில் நீதித் தொடர் கதைக்கு முன்னும் வரும், பின்னும் வரும். இவ்விரு வகையையும் ஆராய்ந்த பென் எட்வின் பெர்ரி, முன்னால் வரும் வகையே காலத்தால் முற்பட்டது என 1940-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். அவர் கருத்துப்படி, பேச்சாளர்களும் எழுத்தாளர்களும் தமக்கு வேண்டிய கதையைத் தொகுப்பிலிருந்து தேடி எடுக்க உதவும் குறிப்பாகவே அத்தொடர் தொடக்கத்தில் பயன்பட்டது. 'இன்ன சூழலில் சொல்லத்தக்க கதை இது' என்பதே அதன் பொருள். கதையைக் கேட்போர் பெற வேண்டிய பாடமாக அது கதையின் இறுதிக்கு நகர்ந்தது பின்னரே.

ஆங்கிலத்தில் ரோஜர் லெஸ்ட்ரேஞ்சு 1692-இல் வெளியிட்ட ஈசாப்புப் பதிப்பில் கதையை அடுத்து நீதியும், நீதியை அடுத்து அதன்மீது எழுந்த சிந்தனையும் தனித்தனியே அமைந்தன. அடுத்த ஆண்டு ஜான் லாக்கு, குழந்தைகளுக்கு ஏற்ற முதல் வாசிப்பு நூலாக ஈசாப்பைப் பரிந்துரைத்தார். கதை, அதன்கீழ் நீதி என்னும் இந்த அச்சு அமைப்பே நம் பள்ளி நூல்களிலும் பயின்று வருகின்றது.

1.2 பஞ்சதந்திரத்தின் அமைப்பு இதனின் வேறானது. அங்கு ஒரு பாத்திரம் முதலில் ஒரு செய்யுளைக் கூறும். அச்செய்யுளில் ஒரு பொதுக் கருத்தும், கதையைச் சுட்டும் ஓர் உவமையும் இருக்கும். கேட்கும் பாத்திரம் 'அஃது எவ்வாறு?' என வினவும். அவ்வினாவுக்கு விடையாகவே கதை சொல்லப்படும். கருத்தாடல் நோக்கில் இதனைக் கூற்று, வினா, சான்று என்னும் மூன்று உறுப்புகளாகப் பகுக்கலாம். நீதி இங்கு முடிவன்று. நிறுவப்பட வேண்டிய கூற்று. கதை அதற்குச் சான்று.

1.3 பாலி மொழியிலுள்ள 547 ஜாதகங்களின் அமைப்பு மற்றொரு வகையினது. புத்தர் காலத்து நிகழ்ச்சி ஒன்று முதலில் வரும். அதனை அடுத்து முற்பிறவிக் கதையும் அதற்குரிய காதையும் வரும். இறுதியில் அன்று இன்னாராக இருந்தவர் இன்று இன்னார் என்னும் பொருத்தம் கூறப்படும். ஜாதகம் கட்டளையில் முடிவதில்லை. ஆளைச் சுட்டி முடிகின்றது. நிகழ்காலத்தில் வாழும் ஒருவரின் செயலை விளக்கவே பழங்கதை சொல்லப்படுகின்றது.

2. ஆமையின் கதை

2.1 மேற்கூறிய வேறுபாட்டைப் பலரும் அறிந்த ஆமைக் கதையைக் கொண்டு விளக்கலாம். இரண்டு அன்னங்கள் ஒரு கோலின் இரு முனைகளையும் பற்றிக்கொள்கின்றன. நடுவில் ஆமை வாயால் கவ்விக்கொள்கின்றது. வழியில் அது வாயைத் திறந்து விழுந்து மடிகின்றது. 'அளவுக்கு மீறிப் பேசுதல் ஆகாது' என்பதே இதன் நீதி எனப் பள்ளி நூல்கள் கூறுகின்றன.

கச்சப ஜாதகத்தில் (எண் 215) இப்பொருள் பொருந்தும். அங்கு ஆமை விழுவது காசி அரசனின் முற்றத்தில். அவ்வரசன் பிறரைப் பேசவிடாமல் தானே பேசிக்கொண்டிருக்கும் இயல்பினன். அவனுக்கு அறிவுரை கூறத் தக்க நேரம் பார்த்திருந்த அமைச்சர், ஆமை விழுந்த காரணத்தை அரசன் கேட்டபோது விடையுரைக்கிறார். அரசன் அது தன்னைக் குறித்ததே என உணர்ந்து சொற்களைச் சுருக்கிக்கொள்கிறான். இங்கு அறிவுரை அதிகாரத்தில் உள்ளவனை நோக்கியது. அமைச்சர் நேரடியாகச் சொல்ல இயலாததைச் சொல்லக் கதை வழி செய்கின்றது.

2.2 பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்திலும் இக்கதை உண்டு. ஆனால் அங்கு இதனைச் சொல்வது கடற்கரையில் வாழும் ஆட்காட்டிக் குருவி இனத்துப் பெட்டை. கடல் முட்டைகளைக் கொண்டுபோய்விடும், வேறிடம் செல்வோம் என்கிறது அது. ஆண் பறவை கடலை மதிக்கவில்லை. அப்போது பெட்டை கூறும் கருத்து, நலம் நாடுவோர் சொல்லைக் கேளாதவர் ஆமையைப் போல அழிவர் என்பதாகும். அதே ஆமை, அதே கோல், அதே வீழ்ச்சி. ஆயினும் பொருள் மிகுபேச்சைப் பற்றியதன்று, கேளாமையைப் பற்றியது.

இதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்வது. பெட்டையின் அறிவுரையை ஆண் பறவை ஏற்கவில்லை. முட்டைகளைக் கடல் கவர்ந்துகொள்கின்றது. ஆனால் ஆண் பறவை அழிவதில்லை. பறவைகள் திரண்டு கருடனிடம் முறையிடுகின்றன. கருடன் வழியாகத் திருமாலின் துணை கிடைக்கின்றது. கடல் அஞ்சி முட்டைகளைத் திருப்பித் தருகின்றது. ஆமைக் கதை நிறுவ முயன்ற கூற்றை அதனைச் சூழ்ந்துள்ள கதையே மறுத்துவிடுகின்றது.

இந்த ஆட்காட்டிக் கதையைச் சொல்பவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. எருதாகிய சஞ்சீவகனிடம் இதனைச் சொல்வது தமனகன் என்னும் நரி. பகைவன் வலிமை அறியாமல் போரிடுவோர், பறவையிடம் தோற்ற கடல் போலத் தோற்பர் என்பது அதன் கூற்று. எருதின் நண்பன் போலப் பேசும் அந்நரியே எருதுக்கும் சிங்கத்துக்கும் பகை மூட்டியது. அறிவுரை சிறந்தது, அறிவுரைப்பவன் வஞ்சகன். நீதியைச் சொல்பவரின் நோக்கத்தையும் ஆராய வேண்டும் என்னும் பயிற்சியை இவ்வமைப்பு அளிக்கின்றது. ஆமைக் கதையைத் தனியே பிரித்து நீதியை அடியில் பொறிக்கும் பெயர்ப்பு இப்பயிற்சியை முற்றாக நீக்கிவிடுகின்றது.

3. தொடரமைப்பு

3.1 பஞ்சதந்திரச் செய்யுளின் பொது வாய்பாடு 'எவன் இன்னது செய்கிறானோ அவன் இன்னாரைப் போல இன்ன கதி அடைகிறான்' என்பதாகும். தமிழில் இது வினையாலணையும் பெயரைக் கொண்டு 'இன்னது செய்பவன் இன்னாரைப் போல இன்ன கதி அடைவான்' என அமையும். இது செய்தித் தொடர். உண்மையா பொய்யா என வினவத்தக்கது. ஆகவேதான் கேட்பவர் 'அஃது எவ்வாறு?' எனக் கேட்க முடிகின்றது.

பள்ளி நூல்களின் நீதித் தொடர் 'நண்பர் சொல்லைக் கேட்க வேண்டும்', 'அளவுக்கு மீறிப் பேசக் கூடாது' என்னும் வகையினது. செயவென் எச்சத்தோடு 'வேண்டும்', 'கூடாது' ஆகியன சேர்ந்து வரும் இத்தொடர்களில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. 'அடைவான்' என்பதில் உள்ள செயலுக்குரியவனின் சுவடு 'கேட்க வேண்டும்' என்பதில் இல்லை. யார் கேட்க வேண்டும், யார் சொன்னார் என்பவை வெளிப்படையாகக் கூறப்படாதபோது, நூலைக் கையில் வைத்திருக்கும் குழந்தையே கட்டளைக்கு உரியவராகிறது. காசி அரசனுக்குச் சொல்லப்பட்டது இவ்வாறே ஐந்தாம் வகுப்பு மாணவனுக்குச் சொல்லப்பட்டதாகிறது.

3.2 உவமை உருபின் நிலையும் கருதத்தக்கது. மூல வாய்பாட்டில் 'போல' என்பதே பொதுக் கருத்தைக் கதையோடு பிணைக்கின்றது. கட்டளைத் தொடரில் இப்பிணைப்பைத் தக்கவைக்க முயன்றால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஆமையைப் போல நண்பர் சொல்லைக் கேட்க வேண்டும்' என்னும் தொடர், ஆமை நண்பர் சொல்லைக் கேட்டது என்றே பொருள்படும். 'ஆமையைப் போல நண்பர் சொல்லைக் கேட்காமல் இருக்கக் கூடாது' என எதிர்மறைகளை அடுக்கினால் பொருள் சீராகும். ஆனால் குழந்தைக்கான நடையாக அது நில்லாது. ஆகவே பெயர்ப்பாளர் 'போல' என்பதையே விட்டுவிடுகிறார். கதைக்கும் நீதிக்கும் இடையிலான இலக்கண உறவு அத்துடன் அறுபடுகின்றது. இவ்வாறு அறுபட்டபின் அத்தொடரை எந்தக் கதையின் அடியிலும் ஒட்டலாம், ஒட்டப்பட்டும் வருகின்றது.

4. தந்திரம் என்னும் சொல்

4.1 பஞ்சதந்திரம் என்னும் பெயரிலுள்ள 'தந்திரம்' வடமொழியில் நூல், நூற்பகுதி எனப் பொருள்படும். இன்றைய தமிழில் அது சூழ்ச்சி என்னும் பொருளிலேயே பெருவழக்காக உள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளின் வழியே இந்நூலை அறிந்த துபுவா பாதிரியார், 1826-இல் பாரிசில் வெளியிட்ட பிரெஞ்சுப் பெயர்ப்புக்கு 'ஐந்து சூழ்ச்சிகள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். அதே 1826-இல் சென்னையில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து செய்த தமிழ்ப் பெயர்ப்பும் அச்சேறியது. துபுவாவின் தலைப்பைப் பிழை எனக் கொள்ளலாம். ஆயினும் அப்பிழை நூலின் உள்ளடக்கத்திற்கு முரணானதன்று. இந்நூலின் படிப்பினைகள் அறத்தைவிட உலகியல் திறமையையே போற்றுகின்றன என்பதை 1924-இல் மூலபாடத்தை மீட்டுருவாக்கிய பிராங்கிளின் எட்கர்டனும் சுட்டியுள்ளார்.

முதல் தந்திரத்தின் முடிவே இதற்குச் சான்று. சஞ்சீவகன் கொல்லப்படுகிறான். வருந்தும் சிங்கத்தைத் தமனகன் தேற்றுகிறான், அமைச்சனாகவும் நிலைபெறுகிறான். வஞ்சகன் தண்டிக்கப்படுவதில்லை.

4.2 இம்முடிவு பழைய பெயர்ப்பாளர்களையும் உறுத்தியது. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பகலவி மொழிக்குச் சென்ற இந்நூலை, 8-ஆம் நூற்றாண்டில் இபுனுல் முகப்பா 'கலீலா வ திம்னா' என்னும் பெயரில் அரபியில் தந்தார். அரபி நூலில் வடமொழி மூலத்தில் இல்லாத ஓர் இயல் உள்ளது. திம்னா விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, உயிரிழப்பதே அவ்வியலின் பொருள்.

பெயர்ப்பில் நீதி சேர்க்கப்படுவது புதிதன்று என்பது இதனால் தெளிவாகும். ஆயினும் அரபிப் பெயர்ப்புக்கும் இன்றைய குழந்தைப் பதிப்புகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அரபியில் சேர்க்கப்பட்டது ஒரு கதை. அதில் திம்னா தன் தரப்பை வாதிடுகிறது, சாட்சிகள் பேசுகின்றனர், வாசகர் இரு தரப்பையும் கேட்கின்றனர். இன்றைய பதிப்பில் சேர்க்கப்படுவது ஒரு வரி. முன்னது கதையைக் கதையால் மறுக்கின்றது. பின்னது வாதத்தையே நிறுத்திவிடுகின்றது.

5. கீரிப்பிள்ளையின் கதை

ஒரே கதை சூழலுக்கேற்ப வேறு பொருள் பெறும் என்பதற்குத் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியைத் தவறாக எண்ணிக் கொன்ற பார்ப்பனியின் கதை பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் உள்ளது. ஆராயாது செய்தல் கேடு தரும் என்பது அங்கு அதன் பயன்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் இக்கதையைக் குறிப்பிடுகிறான். அங்கு கீரியின் இறப்போடு கதை முடியவில்லை. கணவன் அவளை விட்டு நீங்குகிறான். வடமொழி வாசகம் எழுதிய ஏட்டைக் கொடுத்துச் செல்கிறான். அவள் அவ்வேட்டைக் கையில் கொண்டு தெருவில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, அவள் பாவம் நீங்கத் தானம் செய்து, கணவனோடு சேர்த்து, வாழ்வதற்குப் பொருளும் அளிக்கிறான். மாடலன் இதனைச் சொல்வது ஆராயாமையைக் கண்டிப்பதற்கன்று. கோவலனின் அருளைப் போற்றுவதற்கும், இத்தகையவனுக்கு ஏன் இத்துன்பம் என வியப்பதற்குமே ஆகும்.

அடுத்து வருவது கொலைக்களக் காதை. அங்குப் பாண்டியன் ஆராயாது இட்ட ஆணையால் அதே கோவலன் கொல்லப்படுகிறான். ஆராயாமையின் கதையை அக்கொலைக்கு முன் வைத்த இளங்கோவடிகள் இரண்டுக்கும் உள்ள தொடர்பை எங்கும் சுட்டவில்லை. தொடர்பைக் காண்பது வாசகரின் பொறுப்பாகிறது. அக்கதையின் அடியில் 'ஆராயாமல் எதையும் செய்யக் கூடாது' என ஒரு வரி எழுதப்பட்டிருப்பின், அவசரத்தில் தவறிழைத்த ஒரு பெண்ணுக்கு மீட்சி உண்டு என்னும் பொருள் மறைந்திருக்கும்.

6. நாட்டார் கதைகளின் முடிவு

6.1 வாய்மொழிக் கதைகளில் முடிவைக் குறிக்கத் தனி வாய்பாடுகள் உள்ளன. தமிழில் கதை முடிந்ததையும் கத்தரிக்காய் காய்த்ததையும் எதுகையால் இணைத்துச் சொல்லும் வழக்கு உண்டு. வங்கத்தில் கதை முடிந்தவுடன் கீரைச்செடி ஏன் வாடியது என்னும் வினா எழும். செடி பசுவைக் குறை கூறும், பசு மேய்ப்பவனைக் குறை கூறும். இவ்வாறு தொடர் நீளும். லால் பெகாரி தே 1883-இல் வெளியிட்ட வங்க நாட்டார் கதைத் தொகுப்பில் இவ்வாய்பாட்டைக் காணலாம். இவ்வாய்பாடுகளின் பணி கதையுலகிலிருந்து கேட்போரை வெளியே கொணர்வது. பாடம் புகட்டுவது அவற்றின் பணியன்று.

6.2 ஏ. கே. இராமானுசன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டார் கதைத் தொகுப்பில் தமிழ்க் கதை ஒன்று இடம்பெற்றுள்ளது. மகன்களும் மருமகள்களும் கொடுமை செய்ய, குறையைச் சொல்ல ஆளில்லாமல், சொல்லாத துயரத்தால் உடல் பருத்துக்கொண்டே போகும் ஒரு கைம்பெண், பாழ்வீடு ஒன்றின் சுவர்களிடம் தன் துயரைச் சொல்கிறாள். ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சுவராக இடிந்து விழுகின்றது. அவள் உடலும் மனமும் இலேசாகின்றன. கதை அவ்வளவே. மகன்கள் திருந்துவதில்லை, மருமகள்கள் தண்டிக்கப்படுவதில்லை.

இக்கதைக்கு 'பெற்றோரை மதிக்க வேண்டும்' என்னும் நீதியை எழுதினால் நிகழ்வது யாது? கதையின் மையத்திலிருந்து கிழவி நீங்கி, மகன்கள் அவ்விடத்தைப் பெறுகின்றனர். துயரைச் சொல்வதால் வரும் விடுதலையைப் பற்றிய கதை, கடமை தவறியவர்களைப் பற்றிய கதையாகிறது. யாரிடமும் சொல்ல இயலாததை ஏதோ மனத்தில் வைத்திருக்கும் குழந்தைக்கு முன்னது துணையாகும், பின்னது ஆகாது.

7. ஒரு தடையும் விடையும்

7.1 குழந்தைகளுக்குக் கதைச்சட்டகத்தின் சிக்கல் விளங்காது. தெளிவான நீதி ஒன்று தேவை. ஆத்திசூடி கற்பிக்கும் மரபில் இதற்கு என்ன தடை என வினவலாம். ஆத்திசூடி நீதி நூலாகவே இயற்றப்பட்டது. அதன் குரல் அதற்குரியது. கதையை அக்குரலில் பேசவைப்பதே இங்குக் குறையாகச் சுட்டப்படுகின்றது. சட்டகம் குழந்தைகளுக்கு விளங்காது என்பதும் ஏற்கத்தக்கதன்று. பெட்டைப் பறவை ஒன்று சொல்ல ஆண் பறவை கேளாமல் போவதைக் குழந்தைகள் எளிதில் பின்தொடர்வர். யார் சொன்னது சரி என்னும் வினாவை அவர்கள் தாமே எழுப்புவர். பாட்டியிடம் கதை கேட்ட தலைமுறையினர் 'அப்புறம்?', 'ஏன்?' என்று கேட்டே வளர்ந்தனர். பஞ்சதந்திரத்தின் 'அஃது எவ்வாறு?' அவ்வினாவுக்கு அயலானதன்று.

7.2 பெயர்ப்பாளர்களின் கருத்துக்குச் சில முன்வைக்கலாம்.

அ. கதையைத் தனியே தருவதாயினும், யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்பதை ஓரிரு தொடர்களில் தொடக்கத்திலேயே தருதல் வேண்டும்.

ஆ. மூலத்தில் செய்யுளாக உள்ள கூற்றை உவமையோடு செய்தித் தொடராகவே பெயர்த்தல் வேண்டும். 'அடைவான்' என்பதைக் 'கூடாது' எனக் கட்டளையாக்குவது பொருள் மாற்றமாகும்.

இ. கேட்ட பாத்திரம் அக்கூற்றை ஏற்றதா, மறுத்ததா என்பதையும் குறித்தல் நன்று.

ஈ. நாட்டார் கதைகளில் கதைசொல்லி உண்மையில் நீதி கூறியிருப்பின், அதனை அவர் சொற்களிலேயே, அவர் கூற்றாகவே பதிவு செய்ய வேண்டும். தொகுப்பாளர் சேர்ப்பது தொகுப்பாளர் பெயரால் வருதல் முறை.

உ. பாடநூலில் நீதி தேவையெனின், அதனை விடையாக அச்சிடாமல் வினாவாக அமைக்கலாம். ஆமைக் கதையின் அடியில் 'பெட்டைப் பறவை இக்கதையை ஏன் சொன்னது?' என்னும் வினா இருப்பின் அதுவே போதும்.

8. முடிவுரை

கதையில் நீதி இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபன்று. கதைகளில் நீதிகள் பல உண்டு. அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒருவர் சொல்கிறார், ஒருவர் கேட்கிறார். அவ்விருவரையும் நீக்கிவிட்டு நீதியை மட்டும் தருவது கதையைச் சுருக்குவதன்று. அதன் இலக்கணத்தை மாற்றுவதாகும்.

விஷ்ணுசர்மா அரசகுமாரர் மூவருக்குக் கற்பித்ததாக நூல் கூறுவது, பிறர் அறிவுரையை எடைபோடும் திறன். அறிவுரை கூறுவோர் சூழ்ந்திருக்கும் அவையில் அமரப்போகிறவர்களுக்கு அது வேண்டியிருந்தது. இன்றைய குழந்தைகளைச் சூழ்ந்து ஒலிக்கும் குரல்கள் அவ்வவையினும் பல. அவர்களுக்கு அத்திறனைத் தரும் பெயர்ப்பே மூலத்துக்கு உண்மையான பெயர்ப்பு எனலாம்.